ஒன்பது முறை வெளியே அனுப்பப்பட்ட க்ளென் ஓஸ்ட்பெர்க்

பயிற்சி முகாமில் ஆளை வெளியே அனுப்புவதற்கென்று ஒரு முறை உண்டு. விடிந்ததும் அறைக் கதவை ஒருவர் வந்து தட்டுவார். "கோச் கூப்பிடுறார், புத்தகத்தையும் கையோட எடுத்துட்டு வாங்க" என்பார். அணியின் ஆட்டத் திட்டங்கள் எல்லாம் அந்தப் புத்தகத்தில்தான் இருக்கும். அதைத் திருப்பிக் கேட்டுவிட்டால் வேலை போய்விட்டது என்று பொருள். அமெரிக்கக் கால்பந்தில் பதினாறு வருடம் காலம் தள்ளிய க்ளென் ஓஸ்ட்பெர்கின் கதவை அதுவரை எட்டு முறை தட்டியிருந்தார்கள். ஒன்பதாவது தட்டல் 1998 ஆகஸ்டில், சான் அன்டோனியோ முகாமில் விழுந்தது. அப்போது அவனுக்கு வயது முப்பத்தெட்டு.

தட்டியவருக்கு அந்த வேலை புதிது. வாசலில் நின்று தொண்டையைச் செருமிக்கொண்டே இருந்தார். க்ளென்தான் உள்ளே கூப்பிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டான்.

"புத்தகம் அதோ மேசை மேல இருக்கு. நான் பல் தேய்ச்சுட்டு வந்துடறேன். இன்னிக்கு எத்தனை கதவு உங்களுக்கு?"

"பதினொண்ணு" என்றார் அவர்.

"அப்ப என்கிட்ட முதல்ல வந்தது நல்லதாப் போச்சு. அடுத்த அறைக்காரன் அழுவான். அழுது முடிக்கிற வரைக்கும் பக்கத்துல நில்லுங்க, அது போதும்."

கோச் நல்ல மாதிரிதான் பேசினார். "க்ளென், ஓய்வு பெறுறேன்னு நீயே அறிவிச்சுடு. நிருபர்களைக் கூப்பிடுவோம், நாலு பேர் நல்லதா பேசட்டும். திங்கட்கிழமையிலேருந்து என்கூட உதவிப் பயிற்சியாளரா இரு."

"நான் வேண்டாம்னா அனுப்பிடுங்க கோச். நானாப் போக மாட்டேன்."

"ரெண்டும் ஒண்ணுதானேப்பா?"

"இல்லை கோச். ஓய்வுன்னு சொல்லிட்டா நாளைக்கு யாரும் எனக்கு போன் பண்ண மாட்டாங்க."

கோச் நீக்கல் தாளை இழுத்துக் கையெழுத்துப் போட்டார்.

க்ளென் குவார்ட்டர்பேக். களத்தில் ஒவ்வொரு முறையும் என்ன ஆடப் போகிறோம் என்று சொல்வதும், பந்தை வாங்குவதும், தன்னைத் தரையில் அடிக்க ஓடிவரும் ஆட்களுக்கு நடுவே மூன்று வினாடிக்குள் யாருக்கு எறிவது என்று முடிவு செய்வதும் அவன் வேலை. ஒரு நேரத்தில் ஒருவனுக்குத்தான் அந்த இடம். மீதி இரண்டு குவார்ட்டர்பேக்குகள் எழுதும் அட்டையைப் பிடித்துக்கொண்டு கோட்டுக்கு வெளியே நிற்பார்கள். க்ளென் நின்றது பெரும்பாலும் அங்கேதான். கல்லூரி வீரர்களை அணிகள் சுற்றுச் சுற்றாகப் பங்குபோட்டு எடுக்கும்போது, கடைசிச் சுற்றில், கிட்டத்தட்ட மறந்துபோய் எடுத்ததுபோல, போர்ட்லண்ட் அவனை எடுத்தது. அதற்குப் பிறகு ஆறு அணிகள். போர்ட்லண்டும் டொலீடோவும் அவனை இரண்டு தடவை எடுத்து இரண்டு தடவையும் கழற்றிவிட்டன. பதினாறு வருடத்தில் ஆட்டத்தைத் தொடங்க அவனுக்குக் கிடைத்தது இருபத்து மூன்று தடவை. பெரிய தோள் கிடையாது, வேகமான கால் கிடையாது. ஆனால் எந்தப் புத்தகத்தைக் கொடுத்தாலும் நான்கே நாளில் மனப்பாடம் செய்துவிடுவான். யாராவது அடிபட்டு விழுந்தால் முதலில் அவன் ஞாபகம் வருவதற்கு அதுதான் காரணம்.

மனைவி ரோண்டா வேதியியல் ஆசிரியை. அவனுக்காக ஆறு மாநிலங்களில் ஆறு முறை புதிதாக ஆசிரியர் உரிமப் பரீட்சை எழுதி, ஆறு பள்ளிகளில் வேலை பார்த்தவள். சில அட்டைப் பெட்டிகளை மூன்று வீடு மாறியும் அவள் பிரிக்கவே இல்லை. சான் அன்டோனியோவுக்கு அவள் வரவில்லை. நெப்ராஸ்காவின் மேற்குக் கோடியில், க்ளென் பிறந்த பெல் க்ரீக்கில், உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்து ஒரு வருடம் ஆகியிருந்தது.

க்ளென் வீட்டுக்கு வந்து பையை இறக்கியபோது அவள் அடுப்பருகே இருந்தாள். இறைச்சியும் உருளைக்கிழங்கும் வெந்துகொண்டிருந்தன. சாப்பிட்டு முடித்த பிறகுதான் பேசினாள்.

"முடிஞ்சுதா, இல்லை இன்னும் இருக்கா?"

"இன்னும் இருக்கு."

"யார் கூப்பிடப் போறாங்க?"

"தெரியலை. அக்டோபர், நவம்பர்ல எவனாவது எலும்பை உடைச்சுக்குவான். அப்ப என் கை தயாரா இருக்கணும்."

"அடுத்தவன் எலும்பு உடையணும்னு வேண்டிக்கிறது என்ன பிழைப்பு, க்ளென்?"

"வேண்டிக்கலை. அது உடையத்தான் போகுது. நான் வேண்டிக்கிட்டாலும் உடையும், வேண்டிக்காட்டியும் உடையும்."

அவள் தட்டுகளை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "ஒண்ணு சொல்லிடறேன். என் வகுப்பறைக் கதவுல இப்பத்தான் என் பேரை எழுதியிருக்காங்க. போன் வந்தா நீ போ. நான் பெட்டி கட்ட மாட்டேன்."

"சரி" என்றான். அவள் சொன்னதில் நியாயம் இருந்தது.

கை தயாராக இருக்க வேண்டுமென்றால் எறிய வேண்டும். எறிய வேண்டுமென்றால் எதிரே பிடிப்பதற்கு ஆள் வேண்டும். ஊரில் அதற்கு முன்வந்தது தபால் கொடுக்கும் டார்லீன் கூட்ஸ் ஒருத்திதான். நாற்பத்தாறு வயது, அகன்ற உடம்பு. கல்லூரிக் காலத்தில் சாஃப்ட்பால் அணியில் விக்கெட் கீப்பர் மாதிரி மட்டைக்குப் பின்னால் உட்கார்ந்து பந்து பிடித்தவள். தபால் வண்டியை எடுப்பதற்கு முன்னால், காலை ஐந்தே முக்காலுக்குப் பள்ளி மைதானத்துக்கு வந்துவிடுவாள்.

முதல் நாள் க்ளென் தயங்கித் தயங்கி மெதுவாக எறிந்தான். நான்காவது பந்தை அவள் கீழே போட்டுவிட்டு இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"என்னப்பா இது, பூச்செண்டு குடுக்கற மாதிரி குடுக்கறே? இப்படி எறிஞ்சுதான் சான் அன்டோனியோவுல துரத்துனாங்களா?"

"உங்களுக்கு அடிபட்டுடுமேன்னு பார்த்தேன் டார்லீன்."

"இருபது வருஷமா நாய்க்கடி வாங்கிட்டுத் தபால் போடறேன். எறி."

எறிந்தான். தினமும் இருநூறு பந்து. ஒரே இடத்தில் நின்று எறிந்தால் போதாது. வலப்பக்கம் ஓடிக்கொண்டே, இடப்பக்கம் ஓடிக்கொண்டே, பின்வாங்கிக்கொண்டே எறிய வேண்டும். டார்லீன் ஓட மாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டாள். ஆகவே அவள் நிற்கும் இடத்தை அவன் மாற்றிக்கொண்டே இருந்தான். செப்டம்பர் போனது. அக்டோபரில் போர்ட்லண்டில் ஒருவனுக்கு முழங்கால் போனது. வேறு யாரையோ கூப்பிட்டார்கள். அந்த 'வேறு யாரோ'வுக்கு இருபத்து நான்கு வயது என்று பேப்பரில் போட்டிருந்தது.

பள்ளி நிர்வாகி வந்து பார்த்தார். கணக்கு ஆசிரியர் இடம் காலியாக இருக்கிறது, க்ளென் கோடை விடுமுறைகளில் படித்து வாங்கிய சான்றிதழ் போதும், நாளைக்கே சேரலாம் என்றார். க்ளென் நன்றி சொல்லிவிட்டு ஜனவரி வரை பொறுக்கச் சொன்னான். அவர் போன பிறகு ரோண்டா பாத்திரம் கழுவும் சத்தம் மட்டும் வழக்கத்தைவிடப் பலமாகக் கேட்டது.

நவம்பர் நடுவில் பனி விழுந்தது. உறைந்த பந்து கல்லாட்டம் இருக்கும். அப்படி ஒரு காலையில் அவன் எறிந்த பந்து டார்லீனின் நடுவிரலை மடக்கிவிட்டுப் போனது. எலும்பு முறிவு என்று டாக்டர் கட்டுப் போட்டார். மறுநாள் க்ளென் மைதானத்துக்குத் தனியாகத்தான் போனான், வலையில் எறியலாம் என்று. ஐந்தே முக்காலுக்கு அவள் வண்டி வந்து நின்றது. இரண்டு விரல்களைச் சேர்த்து ஒட்டியிருந்தாள். அதன்மேல் அவள் கணவனின் தடித்த தோல் கையுறை.

"வேண்டாம் டார்லீன். போதும். வீட்டுக்குப் போங்க."

"ஏன், நீ நிறுத்தப் போறியா?"

"இல்லை."

"அப்புறம் என்னை மட்டும் ஏன் நிறுத்தச் சொல்றே? கொஞ்சம் இடப்பக்கமா எறி, அந்த விரல் இருக்கிற பக்கம் வேண்டாம்."

அன்று அவன் எறிந்த இருநூறு பந்துகளில் ஒன்றுகூட அந்த விரல் பக்கம் போகவில்லை. அதுவே நல்ல பயிற்சியாக அமைந்தது என்று பின்னாளில் சொல்வான்.

டிசம்பர் எட்டு, செவ்வாய்க்கிழமை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் ரோண்டா வீட்டுக்கு வந்திருந்தாள். க்ளென் நிலவறையில் தண்ணீர்க் குழாயின் பனியைச் சூடு காட்டி உருக்கிக்கொண்டிருந்தான். போன் அடித்தது. எடுத்தவள் ரோண்டா. எதிர்முனையில் டொலீடோ அணியின் கோச் ஹால் மெக்ரோரி.

"ஓ, நீங்களா?" என்று அவள் சொன்னது படிக்கட்டு வழியே கீழே கேட்டது. "அவரை ரெண்டு தடவை வெளியே அனுப்பினவர்தானே? ... ஆமா, ஞாபகம் இருக்கு. ரெண்டாவது தடவை எங்களுக்கு வீட்டுக் குத்தகை முடிய பத்து மாசம் பாக்கி இருந்துச்சு ... இல்லை, கோபம் எல்லாம் இல்லை. இருங்க, கூப்பிடறேன்."

டொலீடோவின் முதல் குவார்ட்டர்பேக்குக்குத் தோள் எலும்பு முறிவு. இரண்டாமவனுக்குத் தலையில் அடி, கண்ணைத் திறக்கவே முடியவில்லையாம். ஞாயிற்றுக்கிழமை மில்வாக்கியில் ஆட்டம்.

"என் திட்டம் தெரிஞ்ச ஆள் எனக்கு வேணும்" என்றார் மெக்ரோரி. "நாலு வருஷத்துல கொஞ்சம் மாத்தியிருக்கேன். பேரெல்லாம் புதுசு. கை எப்படி இருக்கு?"

"நேத்து வரைக்கும் எறிஞ்சேன்."

"யாருக்கு?"

"தபால்காரம்மாவுக்கு."

அவர் சொன்னார், "சரி, கிளம்பி வா."

பெட்டி கட்ட மாட்டேன் என்று சொன்ன ரோண்டா, தான் சொன்னதைக் காப்பாற்றினாள். அவன் கட்டினான். அவள் வாசலில் வண்டியை ஓட்டத் தயாராக நின்றாள். டென்வர் விமான நிலையம் மூன்று மணி நேரம். வழியெல்லாம், நான்கு வருடம் முந்தைய திட்டத்திலிருந்து அவள் ஒவ்வொரு பெயராகச் சொல்ல, அவன் அதில் யார் எங்கே ஓட வேண்டும் என்று ஒப்பித்துக்கொண்டு வந்தான். பழைய நாட்களில் சமையலறையில் அவள்தான் அவனுக்குப் பாடம் கேட்டிருக்கிறாள்.

"சவானா."

"வலப்பக்கம் ரெண்டு பேர் குறுக்க ஓடுவாங்க, ஒருத்தன் எனக்குப் பக்கத்துலயே திரும்புவான்."

"ஸ்போகேன்."

"நானே பந்தை வெச்சுக்கிட்டு இடப்பக்கம் ஓடணும்."

"அதை ஆடாதே" என்றாள் சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல். "உனக்கு முப்பத்தெட்டு வயசு."

டொலீடோவில் பெரிய மாற்றம் ஒன்றும் இல்லை, பெயர்களைத் தவிர. முன்பு ஒவ்வொரு ஆட்டத் திட்டத்துக்கும் ஊர்ப் பெயர் வைத்திருந்தார் மெக்ரோரி. இப்போது எல்லாம் பறவைகள். பழைய ஆள் என்று அணியில் ஒருவன் மட்டும் இருந்தான்: லமார் பெட்டிஃபோர்ட், நடுவில் குனிந்து நின்று பந்தைக் கால்களுக்கு இடையில் பின்னால் கொடுப்பவன். ஜார்ஜியாக்காரன், கதவை அடைக்கிற உடம்பு.

"வாங்க பெரியவரே" என்றான். "பல்லெல்லாம் சொந்தம்தானா?"

"ரெண்டு சொந்தம் இல்லை. அதுல ஒண்ணு நீ காக்கத் தவறின அன்னிக்குப் போனது."

"அது தொண்ணூத்து நாலு. இன்னுமா ஞாபகம் வெச்சிருக்கே?"

"கடிக்கும்போதெல்லாம் ஞாபகம் வருதே."

நான்கு நாள் பறவைகளைப் படித்தான். சாப்பிடும்போது படித்தான், கணுக்காலுக்குக் கட்டுப் போடும்போது படித்தான். சனிக்கிழமை மாலைக்குள் கழுகும் ஆந்தையும் கொக்கும் வரிசையாக வந்துவிட்டன. ஆனாலும் அவசரத்தில் முதலில் நாக்கில் வருவது ஊர்ப் பெயர்தான் என்பது அவனுக்குத் தெரிந்தே இருந்தது.

ஞாயிறு மதியம் மில்வாக்கியில் மழையும் பனியும் கலந்து சாய்வாக அடித்தது. அறுபதாயிரம் பேர் கத்திக்கொண்டிருந்தார்கள். க்ளென் எறிந்த இரண்டாவது பந்தையே எதிரணி பிடித்துக்கொண்டு ஓடியது. ஓரத்துக்கு வந்தபோது மெக்ரோரி அவனையே திருப்பி அனுப்பினார். வேறு யாரை அனுப்புவது? ஆள் இல்லை. பாதி ஆட்டத்தில் பதின்மூன்றுக்குப் பத்து என்று டொலீடோ பின்தங்கியிருந்தது. அதுவே பெரிது.

கோச் சொல்வதைக் கேட்க குவார்ட்டர்பேக்கின் ஹெல்மெட்டுக்குள் சின்ன ஒலிபெருக்கி இருக்கும். நான்காம் கால் பகுதியில், புள்ளிகள் அப்படியே இருக்க, ஆறு நிமிடம் மீதி இருக்கும்போது, அது செத்துப்போனது. முதலில் கரகரவென்றது, பிறகு ஒன்றுமில்லை. பந்து டொலீடோவின் சொந்தப் பக்கத்து இருபத்தொன்பது கெஜக் கோட்டில் இருந்தது. எதிரணியின் கடைசிக் கோட்டுக்கு இன்னும் எழுபத்தொரு கெஜம் போக வேண்டும். ஓரத்தில் மெக்ரோரி கையை ஆட்டி ஏதோ சைகை காட்டினார். சாய்ந்து விழுந்த பனியில் ஓர் ஆள் ஈ ஓட்டுகிற மாதிரிதான் தெரிந்தது. ஆட்டத்தை நிறுத்திக் கேட்டு வரும் வாய்ப்புகளை ஏற்கெனவே இரண்டு தடவை வீணாக்கியிருந்தார்கள். ஒன்றுதான் பாக்கி. அதைத் தொட க்ளென்னுக்கு மனமில்லை.

பத்துப் பேரும் அவனைச் சுற்றிக் குனிந்து நின்றார்கள்.

"ரேடியோ போச்சு. இனிமே நான்தான் சொல்றேன்" என்றான். "சவானா. ரெண்டுன்னு நான் எண்ணினதும் தொடங்கணும்."

இளைஞர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களுக்கு சவானா என்றால் ஜார்ஜியாவில் ஓர் ஊர், அவ்வளவுதான். லமார் தலையை நிமிர்த்தினான்.

"கொக்குடா. கொக்கு. பெரியவர் பழைய பாஷை பேசறார். ஓடுங்க."

பந்து எட்டு கெஜம் போனது. அடுத்தது க்ளென் 'டுலூத்' என்றான், லமார் 'ஆந்தை' என்றான். ஆறு கெஜம். அதன்பிறகு பறவைப் பெயரைத் தேடி நேரத்தை வீணாக்குவதையே க்ளென் விட்டுவிட்டான். அவன் ஊரைச் சொல்வான், லமார் மூச்சிரைக்கப் பறவையைச் சொல்வான், எல்லோரும் ஆட்டம் தொடங்கும் கோட்டுக்கு ஓடுவார்கள். நீளமாக ஒன்றும் எறியவில்லை. ஐந்து கெஜம், ஏழு கெஜம், நாலு கெஜம். ஒரு தடவை எதிரணிக்காரன் ஒருவன் அவனை முகம் பதியத் தரையில் சாய்த்தான். எழுந்தபோது மூக்கிலிருந்து ரத்தம் வழிந்து மீசையில் உறைந்தது.

"நிக்க முடியுமா?" என்றான் லமார்.

"நிக்கறேனே."

"அதைக் கேக்கலை. விழாம நிக்க முடியுமான்னு கேட்டேன்."

"நீ உன் வேலையைப் பார்த்தா நிப்பேன்."

கடைசியில் நாலு கெஜம் பாக்கி, ஐம்பது வினாடி. இரண்டு முறை எறிந்தான், இரண்டும் ஈரக் கைகளில் நழுவின. மெக்ரோரி கையை விரித்து நின்றார். மீதி இருந்த ஒரு நிறுத்தத்தை எடுக்கச் சொல்கிறாரா, வேண்டாம் என்கிறாரா தெரியவில்லை. க்ளென் அவர் பக்கம் பார்ப்பதை விட்டுவிட்டுக் கூட்டத்துக்குள் குனிந்தான்.

"ஸ்போகேன்."

லமார் உடனே மொழிபெயர்க்கவில்லை. "நிஜமாவா?" என்றான். "அந்தக் காலை வெச்சுக்கிட்டா?"

"நான் ஓடுவேன்னு அங்கே எவனாவது நினைப்பானா?"

லமார் யோசித்தான். "சத்தியமா நினைக்க மாட்டான்" என்றான். பிறகு மற்றவர்களைப் பார்த்து, "நெருப்புக்கோழி" என்றான்.

பந்தைப் பின்னால் வாங்கி, வலப்பக்கம் எறிவதுபோல் கையைத் தூக்கினான் க்ளென். எதிரணி முழுக்க அந்தப் பக்கம் சாய்ந்தது. அவன் பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இடப்பக்கம் ஓடினான். ஓடினான் என்பது கொஞ்சம் மரியாதைக்குச் சொல்வது. இரண்டு கெஜம் யாரும் தொடவில்லை. மூன்றாவதில் ஒருவன் இடுப்பைப் பிடித்தான், இன்னொருவன் தோளில் மோதினான். க்ளென் காலை மடக்கவில்லை. இருவரையும் சுமந்துகொண்டு முன்பக்கமாக விழுந்தான். கோட்டுக்கு அப்பால் விழுந்தது பந்தும் அவன் முழங்கைகளும்தான், அது போதும். பிறகு வந்த உதையும் சேர்ந்து ஏழு புள்ளி; பதினேழுக்குப் பதின்மூன்று என்று டொலீடோ ஜெயித்தது.

மெக்ரோரி உடை மாற்றும் அறையில் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். "அந்தத் திட்டத்தை நான் சொல்லியிருக்க மாட்டேன்" என்றார்.

"தெரியும் கோச். அதனாலதான் உங்களைப் பார்க்கலை."

வீட்டுக்குப் போன் செய்தபோது ரோண்டா, "ஸ்போகேன் ஆடாதேன்னு சொன்னேன்" என்றாள். அவள் குரல் கரகரத்திருந்தது. தொலைக்காட்சி முன்னால் கத்தியது அவள் மட்டும் இல்லை, டார்லீனும்தான் என்று பிறகு தெரிந்தது.

மீதி இரண்டு ஆட்டங்களையும் அவனே தொடங்கினான். ஒன்றில் ஜெயித்தார்கள், ஒன்றில் மோசமாகத் தோற்றார்கள். அடுத்த கோடையில் டொலீடோ முகாமுக்கு மறுபடி கூப்பிட்டார்கள். பட்டியலில் மூன்றாவது பெயராகப் போனான். ஆகஸ்ட் இரண்டாம் வாரம், யாரும் தொடாமலே, சாதாரணமாக ஒரு பந்தை எறியும்போது தோளில் ஏதோ கிழிந்தது. அறுவை செய்த டாக்டர், கையைத் தலைக்கு மேல் தூக்கலாம், எறிய முடியாது என்றார். க்ளென் மூன்று வேறு டாக்டர்களிடம் கேட்டான். மூவரும் அதையே சொன்ன பிறகுதான் நம்பினான். ஒரு வாரம் கழித்துப் பள்ளி நிர்வாகியின் அலுவலகத்துக்குப் போனான்.

கணக்கு ஆசிரியர் இடம் இன்னும் நிரம்பியிருக்கவில்லை. விண்ணப்பத்தில் முன்பு பார்த்த வேலைகளுக்கு மூன்று கட்டங்கள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் 'விலகிய காரணம்' என்று ஒரு கோடு. க்ளென் அலுவலகப் பெண்ணிடம் இன்னும் மூன்று தாள் கேட்டு வாங்கினான். கட்டுப் போட்ட வலது கையால் எழுத முடியாது. இடது கையால் மெதுவாக, பிள்ளை எழுத்தாக, ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினான். ஒன்பது இடத்தில் 'நீக்கப்பட்டேன்'. பத்தாவதில் 'தோள்'.

அந்தப் பெண் வாங்கிப் படித்துப் பார்த்தாள். ஊருக்குப் புதியவள், அவன் யாரென்று தெரியாது.

"சார், ஒன்பது இடத்துல துரத்தியிருக்காங்க. இப்படியே எழுதிக் கொடுத்தா நிர்வாகி என்ன நினைப்பார்? 'வேறு வாய்ப்பு'ன்னு மாத்தி எழுதிக்கறீங்களா?"

"வேண்டாம்மா" என்றான் க்ளென். "நடந்தது அதுதான். அப்படியே இருக்கட்டும்."

அடுத்த திங்கட்கிழமை அவனுக்கு ஒன்பதாம் வகுப்பு இயற்கணிதம் கொடுத்தார்கள். கூடவே, ஓட்டுநர் பற்றாக்குறை என்பதால், கட்டு அவிழ்த்ததும் ஓட்டுவதற்கு வடக்குப் பண்ணைகளுக்குப் போகும் மஞ்சள் பஸ்ஸையும் கொடுத்தார்கள். கரும்பலகையில் இடது கையால் எழுதப் பழக அவனுக்கு கிறிஸ்துமஸ் வரை ஆனது.